தீர்ப்புக்காகப் பதவி துறந்தவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

சவ்வாது மலையின் அடிவாரத்தில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் இடையே அமைந்த சந்தவாசல் என் ஊர். படவேட்டு அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் பலர் எங்கள் கடைவீதியில் இறங்கித் தேநீர் அருந்திவிட்டுச் செல்வது வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பெற்றோர் கையெழுத்திடவும் கல்லாதவர்கள். இதனைப் பெருமைக்காகவோ இரக்கத்தை வேண்டியோ எழுதவில்லை. பின்னால் சொல்லப்போகும் செய்திக்கு இது தேவைப்படுவதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

ஆண்டு மலருக்கு ஒரு பெருந்தலைவரின் வரலாற்றை எழுதித் தருமாறு தமிழ்ப் பேராசிரியர் பணித்தபோது, வகுப்பு நண்பர்கள் காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் ஆகியோரைப் பங்கிட்டுக்கொண்டனர். நான் தேர்ந்தெடுத்தவர் நம் நாட்டின் நான்காவது குடியரசுத் தலைவராக விளங்கிய திரு. வி. வி. கிரி. ஏன் இவரை எடுத்தாய் என்று கேட்ட நண்பர்களுக்கு அப்போது நான் விடை சொல்லவில்லை. இக்கட்டுரையே அந்த விடை.

ஒரு கைரேகை

2014 ஆம் ஆண்டில் நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அப்போது வயது நாற்பது. ஒரு நெல் அரவை மில்லில் மாதம் 6,000 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்து வந்தார். ஒருநாள் மாலை, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் வலக்கை சிக்கி இரண்டு விரல்கள் போயின. மருத்துவச் செலவை மில்காரர் ஏற்றுக்கொண்டார். அதை மறைத்தல் தகாது. வீடு திரும்பிய பத்தாம் நாள் மேஸ்திரி ஒரு தாளுடன் வந்தார். 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டதாகவும் இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்றும் அதில் எழுதியிருந்ததாம். அப்பாவின் இடக்கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கினோம். எல்லாம் சமாதானமாக முடிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இந்தச் சமாதானம் என்ற சொல்தான் என்னைத் திரு. கிரியிடம் கொண்டு சேர்த்தது. தொழில் தகராறுகளை மன்றம் ஏற்றாமல் இரு தரப்பாரும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர் அவர் என்று நம் கல்லூரி நூலகத்தில் ஒருநாள் படித்தேன். அப்படியானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் அவர் சொன்ன வழிதானா? இந்த ஐயம் என்னை விடவில்லை. ஆகவே அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

பிறப்பும் கல்வியும்

வராககிரி வேங்கட கிரி 1894 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள் பிரம்மபூரில் பிறந்தார். இன்று ஒடிசா மாநிலத்தில் உள்ள அந்நகர் அன்று சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்தது. தந்தையார் ஜோகய்யா பந்துலு பெயர் பெற்ற வழக்கறிஞர். மகனும் சட்டம் பயில விரும்பி, 1913 இல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குக் கப்பலேறினார்.

அவர் சென்று சேர்ந்த அவ்வாண்டே டப்ளின் நகரம் தொழிலாளர் போராட்டத்தால் கொந்தளித்தது. சங்கத்தில் சேரமாட்டோம் என்று எழுதிக் கொடுக்குமாறு முதலாளிகள் வற்புறுத்தினர். மறுத்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே நிறுத்தப்பட்டனர். மாதக்கணக்கில் நடந்த அப்போராட்டம் முடிவில் பசியால் தோற்றது. அயர்லாந்து விடுதலை வீரர்களோடும் தொழிலாளர் தலைவர்களோடும் இளைஞர் கிரிக்குத் தொடர்பு ஏற்பட்டது. 1916 இல் அங்கு விடுதலைக் கிளர்ச்சி வெடித்தபின், நாட்டை விட்டு வெளியேறுமாறு அவருக்கு ஆணை வந்தது. சட்டப் படிப்போடு தொழிலாளர் மீது பற்றையும் சேர்த்துக்கொண்டு தாயகம் திரும்பினார்.

அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். வருவாய் பெருகி வந்த வேளையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கவே, 1920 இல் அத்தொழிலைக் கைவிட்டார். நீதிமன்றத்தை விட்டு அவர் விலகியது இது முதல் முறை. பின்னாளில் அவர் கருத்தளவிலும் நீதிமன்றங்களை விட்டுச் சற்று விலகியே நின்றதைக் காண்போம்.

பின்னி ஆலை காட்டிய பாடம்

அக்காலத்தில் தொழில் தகராறுகளுக்கெனத் தனி மன்றம் ஏதும் இல்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். எல்லாம் பொது நீதிமன்றத்துக்கே சென்றன. அங்கே என்ன நடக்கும் என்பதைச் சென்னைப் பின்னி ஆலை வழக்கு உலகுக்குக் காட்டியது.

பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். 1920 இல் தகராறு முற்றியபோது, தொழிலாளர்களைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தார்கள் என்று கூறி நிறுவனத்தார் வாடியா முதலியோர் மீது உயர் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் தடையாணை வழங்கியது. சட்டத்தின் கண்ணுக்கு அது ஓர் ஒப்பந்த முறிவு. கூலி போதுமா, வேலை நேரம் தகுமா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலகினால்தான் வழக்குத் தீரும் என்ற நிலை வந்தது, அவரும் விலகினார். அவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியின் பயனாகவே, சங்கம் அமைப்போரைக் காக்கும் தொழிற்சங்கச் சட்டம் 1926 இல் பிறந்தது.

பொது நீதிமன்றம் ஒன்றையும், தொழில் தீர்ப்பாயம் வேறொன்றையும் செய்கின்றன. நீதிமன்றம் ஏற்கெனவே எழுதிய ஒப்பந்தத்தைக் காக்கும். தீர்ப்பாயமோ நியாயமான ஊதியம் எது, விடுப்பு எத்தனை நாள் என்று ஆராய்ந்து புதிய நிபந்தனைகளையே வகுத்துக் கொடுக்கலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் திரு. கிரியின் வாழ்க்கை எளிதில் விளங்கும்.

இரயில்வே ஊழியரிடையே

சட்டத் தொழிலை விட்ட கிரி தம்மை இரயில்வே ஊழியருக்கு ஒப்படைத்தார். 1923 இல் அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். பத்தாண்டுகளுக்கு மேல் அதன் பொதுச் செயலாளராகப் பணியாற்றினார். பெங்கால் நாகபுரி இரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து 1928 இல் அவர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் வன்முறையின்றி நடந்து வெற்றியும் கண்டது. 1926 இலும் 1942 இலும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கும், 1931 இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கும் தொழிலாளரின் சார்பாளராகச் சென்றுவந்தார்.

1937 தேர்தலில் பொப்பிலி அரசரை அவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்து, இராஜாஜி அமைச்சரவையில் தொழில், தொழிலாளர் நலத் துறைகளின் அமைச்சரானார். பின்னர் 1946 இல் பிரகாசம் அமைச்சரவையிலும் இடம் பெற்றார்.

1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை புகுந்து, 1945 வரை உள்ளே இருந்தார். அக்காலத்தில் ஒரு பகுதியை அவர் கழித்தது வேலூர்ச் சிறையில். எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய வேலூர்தான்! சிறுவயதில் அப்பாவின் கைக்கட்டை அவிழ்க்க வேலூருக்குச் சென்றபோது அந்தச் சிறைச் சுவரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கிரி வழி

நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னர், 1947 ஏப்ரல் முதல் தொழில் தகராறுகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகராறு எழுந்தால் முதலில் சமரச அதிகாரி இரு தரப்பாரையும் அழைத்துப் பேசுவார். பேச்சு முறிந்தால் அரசு அதனைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும். எதிர்த்தரப்பாரின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் இருந்தால்தான் அங்கே வழக்கறிஞர் வாதாடலாம். சங்கச் செயலாளரே எழுந்து நின்று தொழிலாளிக்காகப் பேசலாம். தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 1950 இல் இதற்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அமைக்கப்பட்டது.

இலங்கையில் இந்தியத் தூதராகப் பணியாற்றித் திரும்பிய திரு. கிரி, 1952 இல் மக்களவைக்குத் தேர்வாகி நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். இத்தீர்ப்பாயங்களெல்லாம் அவர் துறையின் கீழ் வந்தன. ஆனால் அவரோ அவற்றை நம்பித் தொழிலாளர் சோம்பியிருப்பதை விரும்பவில்லை. கட்டாயத் தீர்ப்பு இருக்குமாயின் இரு தரப்பாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். வழக்காடுவோர் போலத் தத்தம் கோரிக்கையை உயர்த்தி வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள். வென்றவன் மகிழ்வான், தோற்றவன் வஞ்சம் வைப்பான். சங்கம் வலுவிழக்கும் என்பது அவர் கருத்து. சங்கத்தை வளர்த்து, நேருக்கு நேர் பேசி, முடியாவிடில் இரு தரப்பாரும் விரும்பி ஏற்கும் ஒரு நடுவரிடம் செல்லவேண்டும். தீர்ப்பாயம் கடைசி வழியாக இருக்கவேண்டும் என்றார். இக்கொள்கைக்குக் கிரி வழி என்றே பெயர் ஏற்பட்டது.

1952 அக்டோபரில் நைனிடாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இது பெரிதும் விவாதிக்கப்பட்டது. பெரும்பாலோர் இதற்கு இசையவில்லை. சங்கம் வலுவற்ற இடங்களில் தொழிலாளியின் கதி என்னவாகும் என்ற அச்சம் பலருக்கு இருந்தது. அமைச்சர் தம் கருத்தைத் திணிக்கவில்லை, தீர்ப்பாயங்கள் நீடித்தன. 1953 இல் வேலையின்றி நிறுத்தி வைக்கப்படுவோருக்கும் ஆட்குறைப்பு செய்யப்படுவோருக்கும் இழப்பீடு தரும் பிரிவுகள் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டன.

வங்கித் தீர்ப்பு

இனி, அவர் வாழ்க்கையின் உயர்ந்த கட்டத்துக்கு வருவோம்.

வங்கி ஊழியரின் ஊதியத் தகராறு நெடுநாளையது. சென் தீர்ப்பாயம் 1950 இல் அளித்த முடிவை 1951 இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. மூவர் அமர வேண்டிய மன்றத்தில் ஒருவர் இல்லாத காலத்தில் மற்றவர்கள் மட்டும் அமர்ந்து விசாரித்தது முறையன்று என்பது காரணம். மீண்டும் 1952 இல், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எஸ். பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையில் தீர்ப்பாயம் அமைந்தது. 1953 இல் அதன் முடிவு வெளியாயிற்று. மேல்முறையீடு நடந்து 1954 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தன் முடிவைக் கூறியது. ஐந்தாண்டு அலைச்சலுக்குப் பிறகு ஊழியர்கள் மூச்சுவிட்ட நேரம் அது.

ஆனால் 1954 ஆகஸ்டு 24 அன்று மத்திய அரசு அந்த முடிவைத் திருத்தி ஆணையிட்டது. ஊழியருக்குக் கிடைக்கவிருந்த நலன்கள் சில குறைக்கப்பட்டன. வங்கிகள் இச்சுமையைத் தாங்கமாட்டா, சிற்றூர்களில் வங்கித் தொழில் வளராது என்பன அரசு தரப்பின் வாதங்கள். அவ்வாறு திருத்தும் அதிகாரத்தைச் சட்டமே அரசுக்கு வழங்கியிருந்தது. ஆகவே சட்டப்படி குற்றம் காண இடமில்லை.

தொழிலாளர் அமைச்சருக்கோ மனம் ஒப்பவில்லை. தீர்ப்பாயத்தைக் கடைசி வழியென்று சொன்னவர்தாம். ஆயினும் இரு தரப்பாரும் அந்தக் கடைசி வழியில் நடந்து, சாட்சி சொல்லி, வாதாடி, முடிவும் பெற்றுவிட்டபின், வலியவர் ஒருவர் வந்து அதனைத் திருத்துவது முறையா? அங்ஙனமாயின் ஊழியர்கள் இனி எதை நம்பி மன்றத்துக்கு வருவார்கள்? சில நாட்களில் திரு. கிரி அமைச்சர் பதவியைத் துறந்தார். அறுபது வயது நிறைந்த நேரம். அடுத்த பதவி உண்டா என்று தெரியாது.

அவர் விலகல் வீண்போகவில்லை. அரசு ஒரு குழுவை அமைத்தது. நீதிபதி கஜேந்திரகட்கர் 1955 இல் அளித்த அறிக்கை, சில மாற்றங்களோடு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவையே பெரும்பாலும் நிலைநாட்டுமாறு பரிந்துரைத்தது. அவ்வாண்டே நாடாளுமன்றம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1956 இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நீக்கப்பட்டு, தொழிலாளர் நீதிமன்றம், தொழில் தீர்ப்பாயம், தேசியத் தீர்ப்பாயம் என்ற மூவகை அமைப்பு ஏற்பட்டது.

தாமே வழக்காளியாய்

பிறருக்குச் சொன்ன நீதியைத் தாமும் ஏற்றவர் அவர் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் உள்ளன.

1957 பொதுத் தேர்தலில் பார்வதிபுரம் தொகுதியில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, மற்றது பொது இடம். எண்ணிப் பார்த்தபோது பழங்குடி வேட்பாளர் இருவருமே முன்னணியில் நின்றனர். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தையும், மற்றவரான சூரி தோரா பொது இடத்தையும் பெற்றனர். பழங்குடி வேட்பாளராக நின்றவர் பொது இடத்தைப் பெறலாகுமா என்று கேட்டுத் திரு. கிரி தேர்தல் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1959 இல் பெரும்பான்மை நீதிபதிகள் சூரி தோராவின் வெற்றியே செல்லும் என்றனர். ஒதுக்கீடு என்பது பழங்குடியினருக்குக் குறைந்தது இத்தனை இடம் என்னும் உறுதியே தவிர, அதற்கு மேல் போகக்கூடாது என்னும் வேலியன்று என்பது அதனால் தெளிவாயிற்று. அந்நேரத்தில் திரு. கிரி உத்தரப் பிரதேசத்தின் ஆளுநர். ஓர் ஆளுநர் வழக்கில் ஒரு மலைவாழ் மகனிடம் தோற்றார்!

என் வகுப்புத் தோழன் ஒருவன் சவ்வாது மலையின் மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவன். இச்செய்தியை அவனிடம் சொன்னபோது, சூரி தோரா யார், என்ன படித்தார் என்றெல்லாம் கேட்டான். திரு. கிரியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை! அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

இரண்டாவது நிகழ்ச்சி 1970 இல். கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களிலும் ஆளுநராக இருந்து, 1967 இல் குடியரசுத் துணைத் தலைவரான அவர், 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்ததும் தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வங்கி ஊழியருக்காகப் பதவி துறந்தவரின் பேனாவே வங்கிகளை நாட்டுக்கு உடைமையாக்கியது! மறுநாள் பதவி விலகி, சுயேச்சை வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணியபின் வென்றார். அத்தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. குடியரசுத் தலைவரின் சாட்சியத்தை மாளிகைக்கே சென்று பதிவு செய்ய வழி இருந்தும், அவர் தாமே நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் அளித்தார். வழக்கு தள்ளுபடியாயிற்று. பதவியில் இருக்கும்போதே நீதிமன்றத்தில் தோன்றிச் சாட்சி சொன்ன குடியரசுத் தலைவர் என்ற சிறப்பு அவருக்கு உண்டு.

இறுதி ஆண்டுகள்

அவர் குடியரசுத் தலைவராக இருந்த காலத்திலேதான், 1971 இல், வேலை நீக்கம் மிகையான தண்டனை என்று கண்டால் அதனை மாற்றி மீண்டும் வேலை வழங்கும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றங்களுக்குக் கிடைத்தது. 1972 இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. ஆனால் 1974 மே மாதத்தில், அவர் தோற்றுவித்த சம்மேளனத்தைச் சேர்ந்தோர் உட்பட இலட்சக்கணக்கான இரயில்வே ஊழியர்கள் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆயிரக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது. அந்த அரசின் தலைவராக மாளிகையில் இருந்தவர் திரு. கிரி. பேசித் தீர்த்தலே மேல் என்று சொன்னவரின் கண்ணெதிரே பேச்சு முறிந்தது. பெரியோர் வரலாற்றில் ஒளி மிக்க பக்கங்களை மட்டும் எழுதுவது நேர்மையாகாது என்பதால் இதனையும் சேர்க்கிறேன்.

1975 இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1980 ஜூன் 24 அன்று சென்னையில் காலமானார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனம் 1995 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் கணக்கு

இப்போது என் ஐயத்துக்கு வருகிறேன்.

தொழிலாளிக்கு வேலையில் காயம் ஏற்பட்டால் ஈடு தரவேண்டும் என்ற சட்டம் 1923 இலேயே வந்துவிட்டது. முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்தது என்றால் போதும். வழக்கைக் கேட்பவர் இழப்பீட்டு ஆணையர். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கவேண்டும்; தக்க காரணம் இருந்தால் அதன் பின்னும் ஏற்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று அச்சட்டத்தின் 17 ஆம் பிரிவு கூறியது.

செல்லாது! நூலகத்தில் அவ்வரியைப் படித்தபோது மேசையை விட்டு எழுந்துவிட்டேன்.

கணித மாணவன் என்பதால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். மாத ஊதியத்தில் நூற்றுக்கு அறுபது என்பது 3,600 ரூபாய். நாற்பது வயதுக்கு அட்டவணையில் கண்ட எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 6,63,012. ஒரு கையில் இரு விரல்கள் இழந்தால் உழைப்புத் திறனில் 20 விழுக்காடு இழப்பு. ஆக 1,32,602 ரூபாய். அப்பாவுக்குக் கிடைத்தது 15,000. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் கழித்துப் பார்த்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த அட்டவணையைப் படிக்க அன்று யாரும் இல்லை.

திரு. கிரி சொன்ன சமாதானம் இதுவன்று என்பது இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. அவர் மனத்தில் இருந்த பேச்சுவார்த்தையில் மேசையின் இரு பக்கத்திலும் நாற்காலிகள் இருந்தன. ஒரு பக்கத்தில் சங்கம் அமர்ந்திருந்தது. எங்கள் திண்ணையில் ஒரு தாளும் ஒரு மைப்பெட்டியும்தான் இருந்தன. இரயில்வேயிலும் வங்கியிலும் சங்கம் கண்ட ஊழியருக்கு அவர் வழி பொருந்தும். நான்கு பேர் வேலை செய்யும் மில்லிலும், செங்கல் சூளையிலும், கல் உடைக்கும் இடத்திலும் உழைப்போருக்குச் சங்கம் ஏது? அவர்களுக்குத் தீர்ப்பாயம் கடைசி வழியாக இருக்கவில்லை; ஒரே வழியாக இருந்தது. நைனிடாலில் அவருக்கு இசையாதவர்கள் அஞ்சியதும் இதற்காகவே. அவ்வளவில் அம்மாமனிதரோடு நான் பணிவுடன் மாறுபடுகிறேன். ஆனால் முடிவு வந்தபின் வலியவர் அதனைத் திருத்தலாகாது என்பதற்காக அவர் பதவியையே விட்டாரே, அங்கே அவர் என் தந்தையின் பக்கத்தில்தான் நிற்கிறார்.

காலம் மாறியிருக்கிறது. 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் 1923 ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று இல்லை. அவற்றின் பொருள் 2020 இல் இயற்றப்பட்ட புதிய தொகுப்புகளில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழில் தீர்ப்பாயத்தில் இப்போது நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாகத்துறை உறுப்பினர் ஒருவரும் அமர்வதாக விதி செய்துள்ளனர். வேலையினால் காயமுற்றவருக்கு ஈடு உண்டு என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். காலம் கடந்தாலும் தக்க காரணம் சொல்லிப் பார்க்கலாமே என்றேன். அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு, மாட்டை விற்றுத்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், அந்தக் கணக்கு நேராகிவிட்டது, விட்டுவிடு என்றார். நான் விட்டுவிடவில்லை, அவர் சொல்லைத் தட்டவும் மனம் வரவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் வெளியூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஊருக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் மேஸ்திரி ஒருவர் பணமும் தாளுமாக வந்தார். அவ்வீட்டுக்கு முதலில் ஓடிப் போனவர் என் அப்பா. என் பிள்ளை வந்து படித்துப் பார்க்கும் வரை யாரும் ரேகை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எனக்கு ஆள் அனுப்பினார். அன்றிரவு நான் என் கையால் முதல் மனுவை எழுதினேன். விபத்து நடந்த நாள், இடம், கூலி, வயது, மருத்துவச் சான்று என்று வரிசையாக எழுதினேன். எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கச் சொல்லி அப்பா கேட்டார். மறுநாள் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அந்த அண்ணனின் மனைவியோடு நானும் சென்று கொடுத்துவிட்டு வந்தேன். விசாரணை நடந்து வருகிறது. முடிவு எப்படி இருக்குமென்று இப்போது கூற இயலாது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நம் ஊர்களில் எத்தனையோ தாள்கள் படிக்கப்படாமலே ரேகை பெறுகின்றன. பட்டம் பெற்றபின் என்ன செய்யப் போகிறோம் என்பது இருக்கட்டும். அதற்கு முன்பே, நம் தெருவில் ஒரு தாள் வரும்போது அதனை வாங்கிப் படித்துச் சொல்வோம். தொழிலாளர் தலைவர் வி. வி. கிரிக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே ஆகும்.

வாழ்க உழைப்போர்! வெல்க நீதி!